ரைட்டர் தேவசிகாமணி வாசித்த பாட்டு

போலீஸ் ரைட்டர் தேவசிகாமணியை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள், இந்த ஆளுக்கா சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது என்றுதான் நினைப்பார்கள். ஒல்லி. முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கல். தலைப்பாகை வைத்தால் காது வரைக்கும் இறங்கிவிடும். ஆனால் அவர் வாயைத் திறந்து எதையாவது வாசிக்கட்டும், அப்புறம் பேசுங்கள். பாளையங்கோட்டையில் அவர் போகிற வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க எழுந்து நின்றாரென்றால், கைக்குழந்தைக்காரிகள்கூடப் பிள்ளையை மடியில் அமர்த்திக்கொண்டு காது கொடுப்பார்கள். உபதேசியார் மகன் அல்லவா? எங்கே மூச்சு விடணும், எந்தச் சொல்லைத் தூக்கணும், எதைச் சும்மா தொட்டுவிட்டுப் போகணும் என்பதெல்லாம் ரத்தத்திலேயே ஊறிக் கிடந்தது. அதில் கர்வமும் உண்டு. ஆராதனை முடிந்து வெளியே வருகிற யாராவது குருவானவர் பிரசங்கத்தை மட்டும் மெச்சினால் இவருக்கு முகம் சுண்டிவிடும். "பாடம் எப்படி இருந்துது?" என்று தானே கேட்டு வாங்கிக்கொள்வார். அப்படி ஒரு மனுசன்!

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம். முந்தின வருஷத்துக் கலவரத்தில் சூடுபட்டிருந்த சர்க்கார், திருநெல்வேலியில் நாலு பேர் கூடி நின்று தும்மினால்கூட அதை எழுதி வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கென்றே தேவசிகாமணியைப் பட்டணத்துக்கு அனுப்பி, தமிழ்ச் சுருக்கெழுத்துப் படிக்க வைத்துக் கூட்டி வந்தார்கள். கோடு, கொக்கி, சுழி என்று என்னவோ போடுவார். பேசுகிறவன் வாயை மூடும்போது இவர் பென்சிலும் நின்றிருக்கும்.

அவருக்கு வாய்த்த வேலை ஆற்று மணலில். சுதேசிக் கூட்டம் என்றால் தடை வந்துவிடும் என்று, 'பாட்டு வாசிப்பு' என்று ஒரு பேர் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோறும் தாமிரபரணி மணலில் நூறு, நூற்றைம்பது பேர் கூடுவார்கள். வண்டிக்காரர்கள், நெசவாளிகள், கடைச் சிப்பந்திகள், பள்ளிக்கூடத்து வாத்திமார் இரண்டொருவர். போலீஸ் ரைட்டர் மறைந்து உட்கார்ந்து எழுதுகிற வழக்கமெல்லாம் கிடையாது. முன்வரிசையிலேயே அவருக்கு ஒரு கோரைப்பாய் விரித்து வைத்திருப்பார்கள். "ரைட்டருக்கு இடம் விடுங்கவே" என்று ஆளை நகர்த்தி உட்கார வைப்பார்கள். கூடத் துணைக்கு வருகிற கான்ஸ்டபிள் பலவேசத்துக்கு ஒரு குவளை பானகமும் கிடைக்கும்.

அங்கே பாட்டு வாசிக்கிறவர் நமச்சிவாயம். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. முப்பத்தைந்து வயசிருக்கும். பகலெல்லாம் கஜக்கோலும் கையுமாக நின்றுவிட்டு, சாயங்காலம் மடியிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிடுவார். அந்த வாரம் எழுதினது, மை காய்ந்து ஒரு நாள் ஆகியிருக்காது. அதிலே ஒரு புதுமை என்னவென்றால், அவர் பாட மாட்டார். ராகம், தாளம், ஆர்மோனியப் பெட்டி எதுவும் கிடையாது. நின்றபடிக்குச் சொல்லுவார், அவ்வளவுதான்.

முதல் வெள்ளிக்கிழமை தேவசிகாமணி இதைக் கேட்டபோது ஆடிப்போய்விட்டார். அவருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் இரண்டே வகை. கோயிலில் பாடுகிற கீர்த்தனை ஒன்று. பண்டிதர் வந்து பதம் பிரித்து, பொருள் சொல்லி, அப்புறம்தான் ரசிக்க உத்தரவு கொடுக்கிற பழைய செய்யுள் இன்னொன்று. இதுவோ, அவர் பெஞ்சாதி ஜெபராணி மீன்காரியிடம் சண்டை பிடிக்கிற தமிழ்! அந்தத் தமிழ் அடி அடியாக நின்று, ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு வருகிறது. செத்துப் பல நூறு வருஷமான புலவன் எழுதினது இல்லை, நாலு முழத்துக்கு அந்தாண்டை வேர்வை வழிய நிற்கிற மனுசன் முந்தாநாள் எழுதினது. கேட்கக் கேட்க உடம்பு சிலிர்த்தது அவருக்கு. சிலிர்ப்பில் பென்சில் நின்றுவிட்டது.

நமச்சிவாயம் அதைப் பார்த்துவிட்டார். "என்னவே ரைட்டரே, அடி விட்டுப்போச்சா? திரும்பச் சொல்லட்டா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேவசிகாமணிக்குக் காது சிவந்துபோனது. நமச்சிவாயம் சிரிக்காமல், இவர் எழுதுகிற வேகத்துக்கு ஏற்றாற்போல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித் திரும்பச் சொன்னார். அதிலிருந்து அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு பாட்டும் இரண்டு தரம். ஒன்று சனங்களுக்கு, ஒன்று சர்க்காருக்கு. இரண்டாம் தரம் கேட்கிற ருசிக்காகவே சிலர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரே ஒரு குறை. நமச்சிவாயத்துக்கு வாசிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்த மனுசன்தான், ஆனால் வாசிப்பு? துணி விலை சொல்கிற மாதிரி கடகடவென்று கொட்டிவிட்டுப் போய்விடுவார். தொண்டையோ கரகர. அடி முடிகிற இடத்தில் சொல்லை விழுங்கிவிடுவார். சனங்களுக்கு அதெல்லாம் ஒரு குறையாகப் படவில்லை. தேவசிகாமணிக்குத்தான் உயிர் போகும். 'அட பாவி மனுசா, அங்கே நிறுத்தணும்யா, அந்தச் சொல்லைத் தூக்கணும்யா' என்று உள்ளுக்குள்ளே துடிப்பார். சர்க்கார் ஆள் எழுந்து நின்று அதைச் சொல்ல முடியுமா?

அந்த அரிப்பையெல்லாம் வீட்டில்தான் தீர்த்துக்கொள்வார். சனிக்கிழமை காலையில் சுருக்கெழுத்தைப் பிரித்து நல்ல எழுத்தில் எழுதும்போது, சரிபார்க்கிறேன் பேர்வழி என்று உரக்க வாசிப்பார். அடுக்களையில் ஜெபராணி மசாலா அரைத்துக்கொண்டிருப்பாள். சர்க்கார் ரகசியத்தை அம்மிக்கு முன்னால் வாசிக்கலாமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு மாசம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வாசித்தது இது:

தாகமென்று வந்தீரே, தண்ணீர் தந்தோம் குடித்தீரே,
பாய்விரித்துக் கொடுத்தோமே, படுத்துக் களைப்பும் தீர்த்தீரே;
கோழி கூவிப் போனதையா, கிழக்கு வெளுத்து வந்ததையா,
வந்த பாதை மறந்ததுவோ, வாசல் எங்கே காட்டணுமோ?
கிணறும் எனது என்றீரே, கயிறும் எனது என்றீரே,
வாளியோடு நாங்கள் நின்றால் யார்நீ என்று கேட்டீரே!

அம்மிச் சத்தம் நின்றுபோனது. குழவியைப் பிடித்தபடியே ஜெபராணி கேட்டாள்: "ஆரு அந்த விருந்தாளி? வந்தவரு போவ மாட்டேன்னுட்டாராக்கும்?" கேட்டுவிட்டு அவளே ஒரு கணம் யோசித்தாள். மசாலாக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். "யேசப்பா! வெள்ளக்காரனையா சொல்லுதாரு?"

"மணல்ல இத வாசிச்சதும் என்ன நடந்துது தெரியுமா? யார்நீ என்று கேட்டீரேன்னு அவரு முடிச்ச உடனே, 'வீட்டுக்காரன்!'னு அத்தன பேரும் ஒத்தக் குரல்ல பதில் சொல்லிட்டாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, ஜெபம். தானா வந்துது."

"நீங்க அதையும் எழுதுனியளா?"

"சனங்க சத்தம் போட்டத எதுக்கு எழுதணும்? பாட்ட மட்டும்தான் எழுதுனேன்." அது அவர் செய்த உபகாரம். அவருக்கே தெரியும்.

"இன்னொரு தடவ வாசிங்க" என்றாள் ஜெபராணி. வாசித்தார். கடைசி அடியில் அவர் ஒரு நொடி நிறுத்தி, 'யார்நீ' என்பதை உயர்த்தாமல், மெதுவாக, நம்ப முடியாத ஒன்றைக் கேட்கிற தொனியில் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பாட்ட எழுதுனவரு கூட இப்படி வாசிச்சிருக்க மாட்டாரு" என்றாள். அன்றைக்குப் பூராவும் தேவசிகாமணி தரையில் நடக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் நமச்சிவாயத்தைப் பிடித்துவிட்டார்கள். ராஜத் துரோகம் என்று வழக்கு. ஆதாரம் அந்த விருந்தாளிப் பாட்டு. முதல் சாட்சி, ரைட்டர் தேவசிகாமணி.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், நல்ல வெயிலில், நமச்சிவாயத்தின் பெஞ்சாதி வடிவம்மாள் ஆற்றுப்பாலம் தாண்டி நடந்தே பாளையங்கோட்டைக்கு வந்து, தேவசிகாமணி வீட்டு வாசலில் நின்றாள். ஜெபராணி உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். வடிவம்மாள் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பொய் சொல்லச் சொல்லி வரல. எழுதுனத எழுதலன்னு சொல்ல வேண்டாம். வக்கீல் ஆவுடைநாயகம் ஐயா உங்களக் கூண்டுல வச்சு அந்தப் பாட்ட வாசிக்கச் சொல்லுவாராம். சும்மா வாசிச்சாப் போதும்னு சொல்லச் சொன்னாரு. அழுத்தம் திருத்தமா வேண்டாமாம். இங்கிலீசுல மாத்தி எழுதுனது சப்புன்னு இருக்காம். நீங்களும் சப்புன்னு வாசிச்சிட்டா, வீட்டுப் பாட்டுன்னு தள்ளிருவாகளாம். ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன், அண்ணே."

தேவசிகாமணிக்கு மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. சாட்சி சொல்லவேண்டுமே, சத்தியம் பண்ணவேண்டுமே, ஒரு கவியை நம் வாயாலேயே ஜெயிலுக்கு அனுப்பவேண்டுமே என்று பத்து நாளாய்ச் சோறு இறங்காமல் இருந்தவர் அவர். பொய்யும் சொல்லாமல், அந்த மனுசனையும் காப்பாற்றக் கர்த்தர் ஒரு வழி திறந்திருக்கிறார்!

"நீ ஒண்ணுக்கும் கவலப்படாத தாயி" என்றார். "சந்தைக்குப் போறவன் சீட்டு வாசிக்க மாதிரி வாசிச்சிட்டு எறங்கிருதேன்."

வடிவம்மாள் அப்புறம்தான் மோரைக் குடித்தாள்.

கோர்ட்டில் அன்றைக்கு எள் போட்டால் எள் விழாது. ஆற்று மணல் கூட்டம் அப்படியே இடம் மாறி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெண்களுக்கு உள்ளே இடமில்லை. வடிவம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். தேவசிகாமணியின் கோயிலிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கோயில் மணி அடிக்கிற கிருபைராஜ் முன்னால் இடம் பிடித்திருந்தான். நம்ம ரைட்டர் சாட்சி சொல்கிறார் என்றால் சும்மாவா?

ஜட்ஜி துரைக்குத் தமிழ் அரைகுறை. இங்கிலீஷில் மொழிபெயர்த்து வைத்திருந்த பாட்டை ஒரு தரம் பார்த்தார். தாகம், தண்ணீர், கோழி, கிணறு என்று இருந்தது. கொட்டாவி வந்தது அவருக்கு. வெளியே தெரியாமல் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார்.

ஆவுடைநாயகம் எழுந்தார். பெரிய கைகாரர். "ரைட்டர் அவர்களே, உங்கள் சுருக்கெழுத்து நோட்டு இருக்கிறதா? அதைப் பார்த்து, எழுதியிருக்கிற பாட்டைச் சபைக்கு வாசித்துக் காட்டுங்கள்."

தேவசிகாமணி நோட்டைப் பிரித்தார். மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டார். "தாகமென்று வந்தீரே தண்ணீர் தந்தோம் குடித்தீரே பாய்விரித்துக் கொடுத்தோமே" என்று, நிறுத்தமும் இல்லாமல் ஏற்றமும் இல்லாமல், அரிசி பருப்பு உப்பு புளி என்கிற மாதிரி இழுத்துக்கொண்டே போனார். கஷ்டமாகத்தான் இருந்தது. நன்றாக நடக்கத் தெரிந்தவனை நொண்டி நடக்கச் சொன்னால் தடுக்கத்தானே செய்யும்? இரண்டு இடத்தில் நாக்கு குழறிவிட்டது. ஒருவழியாக முடித்தார்.

ஆவுடைநாயகம் துரை பக்கம் திரும்பினார். "இதுதான் கனம் துரை அவர்களே, அந்தப் பயங்கரமான பாட்டு! விருந்துக்கு வந்த மருமகன் பத்து நாளாகியும் கிளம்பக் காணோம். வீட்டுக்காரர்கள் புலம்புகிறார்கள். என் மாமனார் வீட்டிலும் என்னைப் பற்றி இப்படி ஒன்று கட்டாயம் பாடியிருப்பார்கள்."

கோர்ட்டே சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கேட்டுத் துரையும் சிரித்துவிட்டார். நமச்சிவாயம் பிழைத்தார் என்று அந்த நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஆவுடைநாயகம் அதோடு உட்கார்ந்திருக்கலாம். வக்கீலுக்கு வாய் சும்மா இருக்குமா? "இதைக் கேட்டுச் சனங்களுக்கு ராஜத் துரோகமா வரும்? தூக்கம்தான் வரும். போதாக்குறைக்கு இந்த ரைட்டரைப் பாருங்கள். தான் கிறுக்கிய கோழிக்கிறுக்கலைத் தானே வாசிக்கத் தெரியாமல் திணறுகிறார். வாசிக்கத் தெரியாத ஒருத்தர் எழுதியதை நம்பியா ஒரு மனுசனைத் தண்டிப்பது?"

வாசிக்கத் தெரியாத ஒருத்தர்! முன்வரிசையில் கிருபைராஜ் பல்லைக் காட்டினான். தேவசிகாமணிக்குக் காது இரண்டும் தீயாய்ச் சுட்டது. பார்வை எதிர்க் கூண்டுக்குப் போனது. அங்கே நமச்சிவாயம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார்! தன் பாட்டை ஊரே கூடிச் சிரிக்கிறதே என்று அந்த மனுசன் அழுகிறார்!

"துரை அவர்களே" என்றார் தேவசிகாமணி. "மொதல்ல இருந்து இன்னொரு தரம் வாசிக்க உத்தரவு வேணும்."

ஆவுடைநாயகத்துக்கு முகம் மாறிவிட்டது. "அவசியமில்லை, அவசியமில்லை" என்று பதறினார். துரைக்கு அந்தப் பதற்றம்தான் கண்ணில் பட்டது. வாசிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

தேவசிகாமணி நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். பார்த்து வாசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு என்றைக்கு இருந்தது? மூச்சை நிதானமாக இழுத்து, முதல் அடியை அன்பாகத் தொடங்கினார். தாகத்தோடு வந்த ஒருத்தனை வீட்டுக்குள் கூப்பிடுகிற குரல். தண்ணீர் கொடுத்தார்கள். பாய் விரித்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. கோழி கூவிற்று, கிழக்கு வெளுத்தது. அங்கே கொஞ்சம் நிறுத்தினார். கூரை விசிறி இழுக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டான். வாசல் எங்கே காட்டணுமோ என்று மரியாதையாக, ஆனால் எழுந்து நின்று கேட்டார். ஆற்று மணலில் ஏற்கெனவே இதே பாட்டைக் கேட்டவர்கள் இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். கிணறு போனது. கயிறு போனது. அப்புறம் அவர் குரலை இறக்கினார். அவ்வளவு பெரிய கோர்ட்டில், பக்கத்தில் இருக்கிறவனிடம் கேட்கிற மாதிரி:

"வாளியோடு நாங்கள் நின்றால்... யார்நீ... என்று கேட்டீரே!"

"வீட்டுக்காரன்!"

முதலில் பின்னால் ஒரு குரல். உடனே கோர்ட்டுப் பூராவும். வாசலில் காவல் நின்ற கான்ஸ்டபிள் பலவேசத்தின் வாய்கூட அசைந்தது. வெளியே வேப்பமரத்தில் இருந்த காக்கையெல்லாம் கலைந்து பறந்தது.

 ஜட்ஜி துரை பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொல்லில் அதுவும் ஒன்று. அவர் குடியிருக்கிற பங்களாவின் சொந்தக்காரர் பார்க்க வந்தால், டவாலிச் சேவகன் அந்தச் சொல்லைத்தான் வந்து சொல்வான்.

"வீட்டுக்காரன்" என்று அவர் தன் கொச்சைத் தமிழில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சபையை ஒரு முறை பார்த்தார். பாட்டு முழுவதும் அவருக்கு விளங்கிவிட்டது.

இரண்டு வருஷம். கடுங்காவல்.

இன்ஸ்பெக்டர் வந்து தேவசிகாமணி முதுகில் தட்டினார். கிருபைராஜ் கூட்டத்தை முண்டிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு!" என்றான். தேவசிகாமணி யாரையும் பார்க்காமல் வெளியே வந்தார். வேப்பமரத்தடியைத் தாண்டித்தான் போகவேண்டும். வடிவம்மாள் ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். தூற்றியிருந்தால் தேவலை.

"சீட்டு வாசிக்க மாதிரின்னு சொன்னியளே, அண்ணே" என்றாள் அவள். 

ஜெபராணி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், "ஏன் அப்படிச் செஞ்சிய?" என்று கேட்டாள்.

"அந்த மனுசன் அழுதாரு, ஜெபம். அவரு பாட்டக் கேலி பண்ணுனதும் தலையத் தொங்கப் போட்டுட்டு அழுதாரு. என்னால பொறுக்க முடியல."

"அழுதிருந்தா வீட்டுக்குப் போயி புள்ளைகளக் கட்டிக்கிட்டு அழுதிருப்பாரே. இப்பம் ஜெயில்லலா அழணும்."

 ஆனாலும் அந்த ஒரு பிடியை அவர் விடவில்லை. ஒரு கவியின் மானத்தைக் காப்பாற்றத்தான் வாசித்தோம், விதி வேறாகப் போய்விட்டது. இதைத் தனக்குத்தானே இரண்டு வருஷம் சொல்லிச் சொல்லியே சோறு தின்றார், தூங்கினார். கோயிலில் பாடம் வாசிக்கக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்றுவிடுவார். முன்னைவிடப் பத்து மடங்கு பேர் வாங்கியிருந்த குரல் அது. தூத்துக்குடியிலிருந்துகூடக் கேட்க வந்தார்கள். வந்தவர்கள் குருவானவர் பிரசங்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். நல்லவேளை, சுருக்கெழுத்து வேலையும் போனது. ஆற்று மணலில் கூட்டம் போட ஆளில்லை.

பன்னிரண்டாம் வருஷம் நமச்சிவாயம் விடுதலையாகி வந்துவிட்டார் என்று பலவேசம்தான் வந்து சொன்னான். ஜவுளிக்கடையில் திரும்பச் சேர்க்கவில்லையாம். டவுனில் ஒரு கருப்பட்டி மண்டியில் ஓலையில் பொதிந்து சிப்பம் கட்டுகிறாராம். தேவசிகாமணி ஒரு வாரம் போகலாமா வேண்டாமா என்று மனசைப் போட்டு உழப்பிவிட்டு, ஒரு மத்தியானம் புறப்பட்டுப் போனார்.

மண்டியில் ஓலைப்பாய்களுக்கு நடுவே நமச்சிவாயம் உட்கார்ந்திருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஜெயிலில் கல் உடைத்த கை, விரலெல்லாம் காய்த்துப்போய்ச் சிப்பக் கயிறு நழுவியது. நிமிர்ந்து பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, ரைட்டரா! வாரும்வே, வாரும். இங்கன இரியும்."

தேவசிகாமணி உட்கார்ந்தார். மன்னிச்சிரும் என்று சொல்லத்தான் வந்தார். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அதற்குள் நமச்சிவாயமே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அன்னைக்கு வாசிச்சீரு பாரும்! யப்பா! எழுதுனது நாந்தான். ஆனா அன்னைக்குத்தான்வே நான் அதக் கேட்டேன். கூண்டுல நிக்கோம், கேசு நடக்கு, எல்லாம் மறந்துபோச்சு. வீட்டுக்காரன்னு நானும்லா சேந்து கத்துனேன்! நீரு கவனிச்சீரா?"

சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த நிமிஷத்தில் தேவசிகாமணிக்கு வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். நெஞ்சு அப்படியே நிறைந்துபோனது. எதிரே இருக்கிற மனுசனின் நரைத்த தலையும் காய்த்த கையும் ஒரு கணம் அவர் கண்ணிலேயே படவில்லை. பட்டதும் உடம்பு கூனிப்போயிற்று.

"நீரு அழுததப் பாத்தேன், நமச்சிவாயம்" என்றார் அவசரமாக. "உம்ம பாட்ட அவன் கேலி பண்ணும்போது நீரு தலையக் குனிஞ்சு அழுதீரே. அதப் பாத்துதான் எனக்குப் பொறுக்கல. இல்லேன்னா நான் வாசிச்சிருக்கவே மாட்டேன்."

"அழுதனா? ஆரு, நானா?" நமச்சிவாயத்துக்கு விளங்கவில்லை. யோசித்தார். விளங்கியதும் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏ, அது சிரிப்புவே! அந்த மருமகன் கதைய ஆவுடைநாயகம் மொத நாளே எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தாரு. கூண்டுல நின்னுக்கிட்டு நீரு சிரிச்சுராதேயும், சிரிச்சாக் காரியம் கெட்டுரும்னாரு. என்னால அடக்க முடியல. தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

 தேவசிகாமணி இரண்டு வருஷமாய்ப் பிடித்துக்கொண்டிருந்த பிடி கையோடு வந்துவிட்டது. மண்டிக்குள் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு எம்மேல கோவமே இல்லையா?" என்றார்.

"உம்ம மேல என்னத்துக்குவே கோவம்? நல்ல வாசிப்பக் கேட்டுட்டுக் கோவப்பட முடியுமா?"

"புதுசா எழுதுதீரா?"

நமச்சிவாயம் சிப்பத்தைக் காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "வராம இல்ல. ஜெயில்லயும் வந்துது. இங்கன ஓலை மடிக்கும்போதும் வருது. ஆனா எந்த அடி வந்தாலும் உம்ம கொரல்லதான்வே வருது. அழகாத்தான் இருக்கு. கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு இருக்கு. பொறவு ஒடனே வேப்பமரத்தடியில நின்ன வடிவு மொகம் வந்துருது. வேண்டாம்னு விட்டுட்டேன்." கோபமில்லாமல், வருத்தம்கூட அதிகமில்லாமல், காய்கறி விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவருக்கு எப்போதும் அப்படித்தானே சொல்ல வரும்.

"ஒரே ஒண்ணு எழுதும்" என்று தேவசிகாமணி கெஞ்சினார். "நான் வாசிக்க மாட்டேன். நீரே வாசியும், நான் கேக்கேன்."

"போம்வே, சோலியப் பாரும்" என்று சிரித்துவிட்டு நமச்சிவாயம் அடுத்த ஓலையை எடுத்தார்.

தேவசிகாமணி வீட்டுக்கு வந்தபோது ஜெபராணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எங்கே போய்விட்டு வருகிறார் என்று தெரிந்துகொண்டாள்.

"மன்னிச்சாரா?"

"கோவமே இல்லன்னுட்டாரு. ஆனா எழுதுறத விட்டுட்டாரு, ஜெபம்."

அவள் கஞ்சிப் பானையை இறக்கி வைத்தாள். அவர் நடையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 

"அவரு அன்னைக்கு அழல. சிரிப்ப அடக்கியிருக்காரு" என்றார். "நான் எனக்காகத்தான் வாசிச்சிருக்கேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் ஜெபராணி. எழுந்துபோய்த் தட்டைக் கழுவி, அவருக்குச் சோறு வைத்தாள்.